ஆங்கிலத் துறையைக் கலைக்கச் சொன்ன மூவர்

நேயர்களுக்கு வணக்கம்.

1968 அக்டோபர் 24 அன்று, கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் மூவர் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஹென்றி ஓவூர் அன்யும்பா, தாபன் லோ லியோங், அப்போது ஜேம்ஸ் ங்குகி என்று கையெழுத்திட்டுவந்த கென்ய நாவலாசிரியர் ங்குகி வா தியாங்கோ. அவர்கள் கேட்டது இதுதான்: ஆங்கிலத் துறையைக் கலைத்துவிடுங்கள்.

நாடு விடுதலை அடைந்து 5 ஆண்டுகூட முடியவில்லை. வகுப்பில் ஸ்பென்சரும் ஷேக்ஸ்பியரும் எலியட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரே பண்பாட்டின் தொடர்ச்சியைப் படிப்பதுதான் ஆங்கிலத் துறையின் பலம் என்று துறைப் பொறுப்பாளர் ஒரு மாதம் முன்பு கலைப்புலக் குழுவுக்கு எழுதியிருந்தார். மூவரும் அந்த வாதத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பண்பாட்டின் தொடர்ச்சியைத்தான் படிக்கவேண்டும் என்றால், அது ஏன் ஆப்பிரிக்கப் பண்பாடாக இருக்கக் கூடாது?

பலரும் நினைப்பதுபோல, ஷேக்ஸ்பியரை வெளியே தள்ளச் சொன்ன அறிக்கை அல்ல இது. சுவாஹிலி, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் கற்பிக்கப்பட வேண்டும். பிரெஞ்சு எதற்கென்றால், ஆப்பிரிக்க எழுத்தில் பெரும்பங்கு அதில் இருக்கிறது. பாடத்தின் நடுவில் வாய்மொழி இலக்கியமும் நவீன ஆப்பிரிக்க இலக்கியமும். அவற்றோடு கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உள்ள கறுப்பின மக்களின் எழுத்து. ஐரோப்பிய இலக்கியத்துக்கும் இடம் உண்டு, தேர்ந்தெடுத்த அளவில். எங்கிருந்து புறப்பட்டு எங்கே போவது என்பதுதான் சண்டையே.

இது புரியாமல் பாடத்திட்டத்தைத் திருத்தும் இடங்களில் வழக்கமாக நடப்பது என்ன? எட்டுத் தாள் இருந்தால் ஏழு அப்படியே இருக்கும். எட்டாவதாக ஒரு விருப்பப்பாடம் ஒட்டப்படும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பிய நாவலை வைத்தே கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு என்று அளவுகோல் பழகிய மாணவர், கடைசி ஆண்டில் ஆப்பிரிக்கக் கதையை எடுத்து அதே கோலால் அளப்பார். அளந்தால் குறையாகத்தான் தெரியும். கோலை மாற்றாமல் துணியை மட்டும் மாற்றி என்ன பயன்? அதனால் முதல் ஆண்டின் கட்டாயத் தாளில் கை வைக்கவேண்டும். நூலகத்துக்குப் புத்தகம் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தாளை அறிவிக்க வேண்டும். வினாத்தாள் எடுப்பவருக்கும் புதிய பாடம் தெரிந்திருக்க வேண்டும். பழைய கேள்வியே திரும்ப வந்தால், மாணவர்கள் பழைய குறிப்பைத்தான் படிப்பார்கள்.

வாய்மொழி இலக்கியத்தில் சங்கடம் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே புத்தகமே இல்லை. மாணவர்தான் போய்ச் சேகரிக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்வது எளிது, எழுத்தில் பெயர்ப்பதுதான் கழுத்தை அறுக்கும் வேலை. கென்யாவின் மொழிகளில் ஒன்றான லுவோவில் ஒரு பாட்டி கதை சொல்கிறார் என்று வையுங்கள். அதை முதலில் லுவோவிலேயே, கேட்டது கேட்டபடி எழுத வேண்டும். அடுத்து சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ஓட்டமான மொழிபெயர்ப்பு மூன்றாவதாகத்தான். யார் சொன்னார், யாருக்கு, எந்த வேளையில், கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே சேர்ந்து பாடியது என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். அவசரக்காரர் நேரே ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். ஒலிக்குறிப்புச் சொற்களும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் அங்கே காணாமல் போகும். மிஞ்சுவது குழந்தைகளுக்கான நீதிக்கதை போல ஒன்று. நம் ஊரில் நாட்டார் வழக்காறு சேகரித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நைரோபியில் வாதம் வென்றது. ஆங்கிலத் துறை இருந்த இடத்தில் இலக்கியத் துறை வந்தது. மூவரும் கேட்ட பெயர் ஆப்பிரிக்க இலக்கிய, மொழிகள் துறை. கிடைத்த பெயரில் அடைமொழியே இல்லை. சொந்த ஊரில் சொந்த இலக்கியத்துக்கு எதற்கு அடைமொழி? எனக்கு இந்தப் பெயர்தான் மேல் என்று படுகிறது. 1974 செப்டம்பரில் பள்ளிப் பாடத்தையும் இதேபோல் மாற்ற ஆசிரியர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார்கள்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. கதையை ங்குகியின் தாய்மொழியான கிக்குயுவில் கேட்டாலும், விடைத்தாளை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். கலைக்கச் சொன்ன அறிக்கையே ஆங்கிலத்தில்தான் இருந்தது! ங்குகி இதற்குப் பதிலைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கமிரீத்து கிராமத்தில் தேடினார். 1977இல் அங்கே உழவர்களும் தொழிலாளர்களும் நடித்த கிக்குயு நாடகத்தை அரசு தடுத்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அவரைக் கைது செய்து, விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு சிறையில் வைத்தது. வெளியே வந்தவருக்குப் பேராசிரியர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.