பத்து நிமிடம் பிந்திவிட்டீர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஓடுவதைப் பற்றி வந்து கதையுங்கோ என்று இந்த வானொலி நண்பர்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் கூட ஓடாமல், கொடி பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நான்.

நாற்பது வயதில், சீனி கூடுகிறது, கவனம் என்று டொக்டர் சொன்னார். பயத்தில் அடுத்த நாளே ஒரு ஜிம்முக்குப் போய் ஒரு வருடக் காசைக் கட்டினேன். போனது மொத்தம் ஒன்பது நாள். மிச்சத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். சரி, பிழை என்னிலும் இருக்கிறது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓட எனக்கு மனம் ஒட்டவில்லை. நான் போகாவிட்டால் அங்கே யாரும் என்னைத் தேடப் போவதும் இல்லை.

இதே சலிப்பு இன்னொருவருக்கும் வந்திருக்கிறது. ஐவோ கோர்ம்லி என்ற லண்டன்காரர். ஜிம்மில் இவ்வளவு சனம் சக்தியை வீணாக்குகிறதே என்று அவருக்கு எரிச்சல். அவருக்குத் தெரிந்த ஒரு முதியவர், ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர், வெளியே நடமாட முடியாமல் வீட்டோடு இருந்தார். கோர்ம்லி ஓடிப்போய் அவருக்குப் பேப்பர் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு ஓடித் திரும்புவார். 2000களின் கடைசியில் கிழக்கு லண்டனில் 'குட்ஜிம்' என்ற அமைப்பு தொடங்கியதற்கு அதுதான் விதை.

அவர்கள் செய்வது பெரிய வித்தையில்லை. வேலை முடிந்த பின்னேரத்தில் ஒரு குழுவாகச் சேர்வது, மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி ஓரிடத்துக்குப் போவது, அங்கே ஒரு வேலையை முடித்துவிட்டு ஓடித் திரும்புவது. உணவு வங்கியில் ரின்களைப் பிரித்து அடுக்குவது, சமூகத் தோட்டத்தில் மண் அள்ளுவது, இப்படி. ஓட முடியாதவர்கள் நடந்தும் சைக்கிளிலும் வரலாம். முதல் நாள் மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது, அட, இது எங்கள் சிரமதானம்தானே என்று நினைத்தேன். ஊரில் வாய்க்கால் துப்புரவாக்கியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, ஓடுகிற சப்பாத்தைத் தவிர.

வீடுகளுக்கும் போவோம். கீழ்மாடிக்குக் கட்டில் இறக்கினால்தான் ஒரு முதியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்ப முடியும் என்ற நிலை இருக்கும். இரண்டு பேர் ஓடிப்போய் அரை மணித்தியாலத்தில் இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கட்டிலுக்காக ஒரு மனிதர் ஆஸ்பத்திரியில் கிடக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது வேறொன்று. நான் குட்ஜிம்மில் 2018இல் சேர்ந்தேன். அந்த வருடம் ஜனவரியில்தான் இந்தப் பிரித்தானிய அரசாங்கம் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. அதைக் கேட்டு நாங்கள் வேலையிடத்தில் பகிடி பண்ணினோம். சில மாதங்களில், பொலிஸ் பதிவுச் சோதனை எல்லாம் முடித்து, தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியோடு என்னைச் சோடி சேர்த்தார்கள். கிழமைக்கு ஒருமுறை ஓடிப்போய் அவரைப் பார்க்க வேண்டும். அவரை அங்கே 'பயிற்சியாளர்' என்றுதான் அழைத்தார்கள். எண்பது தாண்டிய, கதிரையை விட்டு எழும்பவே இரண்டு நிமிடம் எடுக்கிற மனுஷி எனக்குப் பயிற்சியாளரா என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை மழை. வீட்டில் ஒரு தேத்தண்ணீரைக் குடித்து யோசித்துவிட்டுப் பிந்திப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து நிமிடம் பிந்திவிட்டீர்" என்றார். கோபமில்லை, வெறும் தகவல். மேசையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தார், ஒன்றில் பால் விட்டு ஆறியே போயிருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பெயரின் அர்த்தம் விளங்கியது. ஒருவர் யன்னலோரம் எனக்காகக் காத்திருக்கிறார் என்றால் மழையென்ன, பனியென்ன, கால் தானாகச் சப்பாத்தைத் தேடுகிறது. காசு கட்டிய ஜிம்மால் முடியாதது அது.

கிழமைக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, கடுமையானது என்றால் 75 நிமிடம் போதும் என்று இங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. அவரிடம் போய் வரும் ஓட்டத்தையும் செவ்வாய்க் குழு ஓட்டத்தையும் கூட்டினால் என் கணக்கு அநேகமாகச் சரிவந்துவிடும். 2020இல் வீட்டுக்குள் போகத் தடை வந்தபோது மருந்துப் பைகளை வாசலில் வைத்துவிட்டு, எட்டி நின்று கையசைத்து, பிறகு தொலைபேசியில் கதைத்தோம். அப்போதும் அவர் நேரம் பார்த்தார்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் தேருக்கு, ஊர்ப் பாடசாலைக் கட்டிடத்துக்கு என்றால் நாங்கள் காசு கொடுக்கப் பின்னிற்பதில்லை. பக்கத்து வீதிக்கு அரை மணித்தியாலம் கொடு என்றால்தான் கை இழுக்கிறது. பேரப்பிள்ளை பார்க்க வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு நாலு சுவருக்குள் இருக்கிற எத்தனை அம்மம்மாக்கள் லண்டனில் இந்த ஈஸ்ட்ஹாமிலேயே இருக்கிறார்கள்! அவர்களுக்கு ஆங்கிலம் வராது, கதவு தட்ட வருகிறவருக்குத் தமிழ் வராது. இரண்டும் தெரிந்த எங்கள் இளையவர்கள் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். அந்தச் சுற்றில் ஒன்றை ஓர் அம்மம்மா வீட்டு வாசல் வரை நீட்டலாம். தேத்தண்ணீரோடு பலகாரமும் கிடைக்கும். ஓடிக் குறைத்தது திரும்ப ஏறினால் நான் பொறுப்பில்லை.

இன்றைக்குச் செவ்வாய். ஒலிப்பதிவு கொஞ்சம் நீண்டுவிட்டது, குழு இப்போது புறப்பட்டிருக்கும். நான் சப்பாத்தோடுதான் வந்திருக்கிறேன். வணக்கம்.