பெட்டி வில்சன்: ஒரு டெஸ்ட், ஒரு சதம், 11 விக்கெட்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே டெஸ்ட் ஆட்டத்தில் சதமும் அடித்து, பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் யார்? கிரிக்கெட் பிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால், பெரும்பாலும் இங்கிலாந்தின் இயன் போத்தம் என்றுதான் பதில் வரும். 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில், இந்தியாவுக்கு எதிராக 114 ரன், 13 விக்கெட். பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு 22 ஆண்டுகள் முன்பே மெல்பர்னில் ஒரு பெண் அதைச் செய்து முடித்திருந்தார். பெட்டி வில்சன். ஆஸ்திரேலியாக்காரர்.

1921 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. பத்து வயதில் அப்பாவோடு பூங்காவுக்குப் போனபோது, அங்கே காலிங்வுட் பெண்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. தன் பக்கம் வந்த பந்தை எடுத்துத் திருப்பி எறிந்தார் பெட்டி. அந்த எறிதலைப் பார்த்தே, நீயும் விளையாட வருகிறாயா என்று கேட்டுவிட்டார்கள். சுற்றி எல்லாரும் வளர்ந்த பெண்கள், நடுவில் ஒரு பத்து வயதுச் சிறுமி. வீட்டிலும் பயிற்சி நிற்கவில்லை. காலுறைக்குள் பந்தைப் போட்டு, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு, அது திரும்பத் திரும்ப ஆடி வர, மட்டையால் அடித்துப் பழகினார். 16 வயதில் விக்டோரியா மாநில அணியில் இடம் கிடைத்தது.

அப்புறம் உலகப் போர் வந்தது. சர்வதேச ஆட்டங்கள் நின்றுபோயின. ஓர் ஆட்டக்காரரின் உடம்பும் கண்ணும் கையும் ஒன்றுசேர்ந்து துடிப்பாக இருக்கும் வயது அது. அந்த வருடங்கள் அப்படியே போய்விட்டன. 1948 மார்ச்சில் நியூசிலாந்தின் வெலிங்டனில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 26. முதல் ஆட்டத்திலேயே 90 ரன் அடித்தார். பந்துவீச்சில் முதல் இன்னிங்ஸில் நாலு, இரண்டாவதில் ஆறு, ஆக மொத்தம் பத்து விக்கெட். சதத்துக்குப் பத்து ரன்தான் குறைவு. அந்தப் பத்து ரன் கூடுதலாக வந்திருந்தால், நான் சொல்லப்போகும் சாதனை பத்து வருடம் முன்னதாகவே நடந்திருக்கும்! அடுத்த ஆண்டு அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 111. டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராகச் சதம் அடித்த முதல் ஆஸ்திரேலியப் பெண் அவர்தான்.

சரி, 1958க்கு வருவோம். மெல்பர்ன் செயின்ட் கில்டா பகுதியில் ஜங்ஷன் ஓவல் என்று ஒரு மைதானம். எதிரணி இங்கிலாந்து. முதல் நாள் முழுக்க மழையில் போனது. மறுநாள் ஈரமான ஆடுகளத்தில் ஆஸ்திரேலியா மட்டை பிடித்தது. 38 ரன்னுக்குச் சுருண்டது. இங்கிலாந்தின் மேரி டக்கன் வெறும் 6 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். இவர் பெயரையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் அன்றைய நாயகி அவர்தான்.

அடுத்து பெட்டி வில்சன் பந்தைக் கையில் எடுத்தார். வலது கை ஆஃப் ஸ்பின். 7 ரன் கொடுத்து ஏழு விக்கெட். அதில் ஒரு ஹாட்ரிக், அதாவது அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட். பெண்கள் டெஸ்டில் அதுவே முதல் ஹாட்ரிக். 38 ரன்னை எட்டிப்பிடிக்கக்கூட இங்கிலாந்தால் முடியவில்லை, 35க்கு ஆட்டமிழந்தது. இரண்டு அணிகளும் சேர்ந்து 73 ரன், விழுந்தது 20 விக்கெட். அப்படிப்பட்ட ஆட்டத்தில் யாராவது சதம் அடிப்பார்கள் என்று நினைக்கவே முடியாது. பெட்டி இரண்டாவது இன்னிங்ஸில் சரியாக 100 அடித்தார். ஆஸ்திரேலியா 9 விக்கெட்டுக்கு 202 எடுத்து, இன்னிங்ஸ் போதும் என்று டிக்ளேர் செய்தது. இங்கிலாந்துக்கு இலக்கு 206. ஆட்டம் முடியும்போது 8 விக்கெட் இழந்து 76 ரன்னில் தத்தளித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் பெட்டிக்கு நாலு விக்கெட், கொடுத்தது 9 ரன். இன்னும் இரண்டு விக்கெட் விழவில்லை, ஆட்டம் டிரா. ஆக மொத்தம் ஒரு சதம், 16 ரன் கொடுத்து 11 விக்கெட்.

ஆணோ பெண்ணோ, டெஸ்ட் கிரிக்கெட்டில் அதுவரை ஒருவரும் செய்யாதது அது. அதன் பிறகும் உடனே ஆண்கள் யாரும் எட்டிவிடவில்லை. 1979இல் இங்கிலாந்தின் ஈனிட் பேக்வெல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 112 ரன்னும் பத்து விக்கெட்டும் எடுத்தார். போத்தம் வந்தது அடுத்த ஆண்டு. அதாவது, முதல் ஆண் இந்தப் பட்டியலில் சேரும் முன்பே இரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள். பின்னர் இம்ரான் கான், ஷாகிப் அல் ஹசன் என்று வந்த பெயர்களை நாம் நன்றாக அறிவோம். முதலில் வந்த இரண்டு பெண்களின் பெயரைப் பலரும் கேட்டதுகூட இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

மெல்பர்ன் ஆட்டத்துக்கு அடுத்த டெஸ்ட் அடிலெய்டில். அதில் 127 ரன் அடித்தார் பெட்டி. அதுதான் அவருடைய அதிகபட்சம். அந்தத் தொடரோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. வயது 36.

கணக்கைப் பார்த்தால் பத்து ஆண்டில் 11 டெஸ்ட், அவ்வளவுதான். 862 ரன், சராசரி 57.46, மூன்று சதம். 68 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது சராசரியாக 11.80 ரன். ஆட்டத்துக்கு ஆறு விக்கெட்டுக்கு மேல் வருகிறது! இன்றைக்கு ஒரு நல்ல ஆட்டக்காரர் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆடும் டெஸ்ட்கள், அவருக்கு ஒரு முழு வாழ்க்கைக்குக் கிடைத்தவை. விளையாட்டில் சம்பளம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே, சொந்தப் பணம் போட்டு விளையாடிய தலைமுறை அது. நிச்சயமான திருமணத்தையும் கிரிக்கெட்டுக்காகத் தள்ளிப்போட்டார். கடைசி வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

பெட்டியைப் பெண் பிராட்மன் என்று அழைப்பார்கள். புகழ்ந்து சொன்னதுதான், நல்ல மனதோடு சொன்னதுதான். இருந்தாலும் எனக்கு அந்தப் பட்டம் அவருக்குப் பத்தாது என்றே படுகிறது. டான் பிராட்மன் மட்டையாட்டத்தில் யாரும் நெருங்க முடியாத உயரம். ஆனால் 52 டெஸ்டில் அவர் எடுத்தது இரண்டே விக்கெட். பெட்டி வில்சன் மட்டையிலும் பந்திலும் ஒரே அணியின் இரண்டு ஆட்டக்காரர்களின் வேலையைச் செய்தவர். களத்தில் பந்தைப் பிடித்து எறிவதிலும் கெட்டிக்காரர். அவரை ஒப்பிட வேண்டுமென்றால் மேற்கிந்தியத் தீவுகளின் கேரி சோபர்ஸ் மாதிரியான ஆல்ரவுண்டர்களோடு வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

அங்கீகாரம் நிதானமாகத்தான் வந்தது. 1985இல் ஆஸ்திரேலிய விளையாட்டுப் புகழ்மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனை ஆனார். 2010 ஜனவரி 22 அன்று, 88 வயதில் காலமானார். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2015இல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து. ஆஸ்திரேலிய கிரிக்கெட் புகழ்மண்டபம் இன்னும் இரண்டு ஆண்டு தாமதம். இப்போது அந்த நாட்டின் சிறந்த இளம் வீராங்கனைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருது பெட்டி வில்சன் பெயரில்தான் இருக்கிறது. அதை வாங்கும் பெண்கள் கிரிக்கெட்டையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள்.

நன்றி, வணக்கம்.