சுவர் காயட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெயின்டிங் வேலையில் இறங்கி எனக்கு 34 வருஷம் ஆகிறது. என் அப்பாவுக்கும் இதே தொழில்தான். அவர் காலத்தில் இதற்கு வெள்ளையடிப்பு என்று பெயர். பழைய வால்பேப்பரை எப்படி எடுப்பது, சுவரை பெயின்டுக்கு எப்படித் தயார் செய்வது என்று சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். சொல்கிறேன். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இங்கேயும் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சுவர் காய்ந்திருக்கிறதா?

இப்போது எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்களோ, அங்கிருந்தே பக்கத்துச் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வரை பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா? தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறதா? பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? இதைத்தான் ஓதம் என்கிறோம். அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுப்பது போல, செங்கல் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கும். அந்தத் தண்ணீரில் மண்ணின் உப்பும் செங்கல்லின் உப்பும் கரைந்து வரும். சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு மட்டும் தங்கிவிடும். தங்கிய உப்பு கல்கண்டு போல விளைந்து, தனக்கு மேலே இருக்கும் பெயின்டை, பெயின்டுக்கு அடியில் சுவரைச் சமமாக்கத் தடவும் பட்டியை, சில நேரம் பூச்சையே தள்ளிவிடும். நீங்கள் கடையிலேயே விலை உயர்ந்த பெயின்டை வாங்கி அடித்தாலும் தள்ளிவிடும். கோளாறு பெயின்டில் இல்லை, சுவரில் இருக்கிறது.

இதைச் சரியாகப் புரியவைத்தது கும்பகோணத்தில் ஒரு வீடு. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய காலத்து வீடு. ஒன்றரைக் கல் சுவர், அதாவது 14 அங்குலக் கனம். முற்றம், தாழ்வாரம், உள்ளே ஒரு பெரிய கூடம். அந்தக் கூடத்துச் சுவரில் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வால்பேப்பர் ஒட்டியிருந்தார்கள். ஓதக் கறை அசிங்கமாகத் தெரிகிறது, மறைத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது கூடத்தில் நுழைந்ததுமே நாற்றம். ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த நாற்றம். வால்பேப்பரின் ஓரத்தைக் கிளப்பினேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம்.

வீட்டுக்கார அம்மா சொன்னார், "மேஸ்திரி, பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு. இதைக் கிழிச்சுட்டு நல்ல பெயின்டா அடிச்சுக் குடுத்துடுங்க."

"அம்மா, கிழிச்சுடறேன். பெயின்ட் இப்ப வேணாம். சுவர் காயட்டும்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. வாடத்தானே செய்யும்? கல்யாண வீடு.

நான் வெளியே போய்ப் பார்த்தேன். வியாதி உள்ளே தெரிந்தாலும் காரணம் வெளியேதான் இருக்கும். தெருவுக்கு ரோடு போடப் போட, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் நாலு படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். பக்கவாட்டுச் சந்தில் மண்ணும் ரப்பீஷும் ஏறி, கூடத்தின் தரையைவிட அரை அடி உயரத்தில் நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் சுவரோடு சாய்ந்துகொண்டு நிற்கும். போதாததற்கு, வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். அதாவது தண்ணீர் கீழேயிருந்து ஏறுகிறது, வெளிப்பக்கம் போக வழியில்லை. உள்பக்கம் வால்பேப்பர், அது பிளாஸ்டிக். அங்கேயும் வழியில்லை. சுவர் எங்கேதான் மூச்சு விடும்?

இந்த இடத்தில் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது.

போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824இல். அது நம் ஊருக்கு வந்து பரவும் வரை வீடுகளுக்குச் சுண்ணாம்புதான். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பளிங்கு மாதிரி குளிர்ச்சியாக, வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்பு கெட்டியாவதே காற்றால்தான். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து, சுடுவதற்கு முன்னால் எந்தக் கல்லாக இருந்ததோ அதே கல்லாகத் திரும்பிவிடும். கல்லானாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். ஈரம் ஏறினாலும் அந்த வழியாக வெளியே போய்விடும். காரம் அதிகம் என்பதால் பூஞ்சணமும் எளிதில் வராது.

பொங்கலுக்கு முன்னால் அப்பா சுண்ணாம்பு நீற்றுவது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. தொட்டியில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் உலை மாதிரி கொதித்து ஆவி கிளம்பும். "தள்ளி நில்லுடா, கண்ணுல பட்டா போச்சு" என்று விரட்டுவார். அது நிஜமான எச்சரிக்கை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து டாக்டரிடம் ஓட வேண்டும். நீற்றியதை ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பிடிப்புக்கு வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி, கொஞ்சம் நீலம் கலப்பார். மட்டையும் கடையில் வாங்கியது இல்லை. தாழை விழுதை வெட்டி வந்து நுனியை நசுக்கினால் நார் நாராக விரியும். அதுதான் பிரஷ். வருஷா வருஷம் அடித்த அந்த வெள்ளைதான் சுவரைக் காப்பாற்றியது.

சரி, கும்பகோணத்துக்கு வருவோம். வால்பேப்பரை எடுத்தோம். அதன் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே இளநீல டிஸ்டெம்பர். அதற்கும் கீழே வெள்ளை, ஏடு ஏடாக எத்தனையோ வருஷத்து வெள்ளை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பாளம் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் கரித்துண்டால் போட்ட கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. வீட்டிலிருந்த பாட்டி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "எங்க மாமியாரோட பால் கணக்கு" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. அந்த ஒரு முழ இடத்தை மட்டும் நாங்கள் சுரண்டவில்லை. அப்படியே விட்டுச் சுற்றி வேலை செய்தோம்.

சந்து மண்ணைத் தரை மட்டத்துக்குக் கீழே போகும்வரை வெட்டி எடுத்தோம். தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தோம். வெளிப்பக்க சிமென்டை உடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம். 14 அங்குலச் சுவர் நாற்பது நாளில் காயுமா? அதனால் கூடத்துக்குள் சுண்ணாம்பே அடித்தோம். இரண்டு கை அல்ல, நாலு கை, ஒவ்வொன்றும் நீர்க்க. கல்யாணம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நடந்தது. அடுத்த வருஷம், இப்போது பெயின்ட் அடிக்கலாம் அம்மா என்று போய்ச் சொன்னேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். இன்றும் சுண்ணாம்புதான்.

இப்போது வால்பேப்பர் எடுக்கும் முறை. முதல் காரியம், மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சுவரை நனைக்கப் போகிறோம், ஸ்விட்ச் போர்டுக்குள் தண்ணீர் போனால் உயிருக்கு ஆபத்து. மேல் மூலையில் நகத்தால் கிளப்பி, உங்கள் பக்கமாக இழுக்காமல், சுவரை ஒட்டினாற்போலவே கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஏடு மட்டும் பெரும்பாலும் உலர்வாகவே வந்துவிடும். அடியில் வெறும் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு கரண்டி விட்டு, பஞ்சால் ஒற்றி நனைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் சும்மா இருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. மறுபடி ஒரு தரம் நனைத்து, பட்டித் தகட்டைப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினால் தோசைக்கல்லிலிருந்து தோசை கிளம்புவது போலத் தாள் கிளம்பும். காய்ந்திருக்கும்போது குத்திச் சுரண்டினால் சுவரையும் சேர்த்துப் பெயர்த்துவிடுவீர்கள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரென்றால் தண்ணீரை அளவாகவே ஒற்றுங்கள், ஊற்றாதீர்கள். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் வகைக்குத் தண்ணீர் உதவாது. முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகும். தண்ணீர் படாத சுவரென்பதால் அதற்கு மட்டும் கரண்ட் வைத்துக்கொள்ளலாம்.

தாள் போனதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பசை இருக்கிறது. ஈர விரலால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் பசை. தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று தரம் துடைக்க வேண்டும். பசையின் மேல் அடித்த பெயின்ட் பாளம் பாளமாக வெடிக்கும்.

அப்புறம்? சுவர் காயட்டும்! காய்ந்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம், சுவரைத் தொடும் பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. காத்திருங்கள். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

இன்னொன்று, இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். பழைய பெயின்டில், முக்கியமாகக் கதவு ஜன்னலில் அடித்த பழைய எனாமலில், ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம். தேய்ப்பவர் மாஸ்க் போடட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. பட்டி, பிரைமர் என்கிற அடிப்பூச்சு, நிறம் எல்லாம் பேசலாமென்று வந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

விரிசலை மேலாக மெழுகாதீர்கள். தகட்டு முனையால் கீறி அகலப்படுத்தி, தூசி தட்டி, பிறகு அடைத்துவிடுங்கள். பட்டி மெல்லிசாக இரண்டு தரம், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். உப்புத்தாள் போட்டபின் தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடிக்கக் கூடாது, பிரைமர் இல்லாமல் பெயின்ட் அடிக்கக் கூடாது. புதிதாக சிமென்ட் பூசிய இடமென்றால் 28 நாள் பொறுங்கள். ஒரு தரம் அடிப்பதற்கும் அடுத்த தரம் அடிப்பதற்கும் நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் கூட.

மேல்தளத்து ஓதத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தரம் ஏறிப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.