அறக்கட்டளைப் பத்திரத்தில் எதை எழுதலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வளர்ந்த பின்னும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளையைப் பெற்றவர்கள், தம் காலத்துக்குப் பின்னும் அவனுக்கு இருப்பிடம் நிலைக்க வேண்டும் என்ற கவலையால், குடியிருக்கும் வீட்டைத் தனியார் அறக்கட்டளையின் பொறுப்பில், அதாவது குறிப்பிட்ட ஒருவரின் நலனுக்காக அறங்காவலர்கள் சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஏற்பாட்டில், விடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் கொண்டுவரும் வரைவுகளைப் படிக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. பிள்ளையின் நோய், அவன் உட்கொள்ளும் மருந்து, மூத்த மகனை நம்பாததற்கான காரணம் எல்லாம் அதில் விரிவாக இருக்கும். அதை முன்பின் தெரியாதவரும் படிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அசையாச் சொத்தைப் பற்றிய அறக்கட்டளை, பதிவு செய்த பத்திரத்தாலோ உயிலாலோ ஏற்பட்டால்தான் செல்லும் என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம். அந்தப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1ஆம் புத்தகத்தில் ஏறுகிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57ஆம் பிரிவில், அந்தப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் பெறவும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் உரிமை தருகிறது. சொத்தில் தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வாங்குபவர் ஏமாறாமலிருக்க இந்த வெளிப்படைத்தன்மை தேவை என்பதை நானும் ஏற்கிறேன். தமிழ்நாட்டில் வில்லங்க விவரத்தை, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, இணையத்திலேயே பார்க்க முடிவதால், பத்திர எண்ணைக் கண்டுபிடிப்பதும் எளிதாகிவிட்டது. பதிவு செய்த உயிலோ, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பிறர் கைக்குப் போகாது. அவர் இறந்த பின் எவரும் நகல் கேட்கலாம்.

ஆகவே, சட்டம் கேட்பதை மட்டும் எழுதுங்கள். அறக்கட்டளை ஏற்படுத்தும் எண்ணம், அதன் நோக்கம், பயனாளி, சொத்து ஆகியவை ஐயமின்றித் தெரிய வேண்டும். 'மகனின் வாழ்நாள் பராமரிப்புக்காக' என்பது போதும். நோயின் பெயர் வேண்டாம். அறக்கட்டளைக்குப் பிள்ளையின் பெயரைச் சூட்டுவதையும் நான் தடுப்பேன், ஏனெனில் வில்லங்கச் சான்றில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெயர்தான். மருத்துவ விவரங்களையும் குடும்ப வருத்தங்களையும் அறங்காவலர்களுக்குத் தனிக் கடிதமாக எழுதிக் கொடுக்கலாம். அதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அக்கடிதம் அவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. வீட்டை விற்கலாமா, அடுத்த அறங்காவலர் யார் என்பன போன்ற கட்டாய விதிகள் பத்திரத்தில்தான் இருக்க வேண்டும்.

முத்திரைக் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். குடும்பத்தினருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்டுக்கான சலுகை அறக்கட்டளைக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கடன் கொடுத்தவரை ஏமாற்ற வீட்டை மாற்றினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவைக் கொண்டு அவர் அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்; நான் பேசுவது குடும்ப அந்தரங்கத்தைக் காப்பது பற்றி, கடனிலிருந்து சொத்தை ஒளிப்பது பற்றியன்று.

வரைவை வீட்டிலேயே ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பதிவான பின் ஒரு வரியை நீக்க நினைத்துத் திருத்தப் பத்திரம் எழுதினாலும், பழைய பத்திரம் அந்தப் புத்தகத்தில் அப்படியே இருக்கும். நகல் கேட்பவருக்கு இரண்டும் கிடைக்கும்.