நித்திரையில் தொண்டை அடைபட்டால்: ஓட்டோ சீபாப் மெஷின் செய்யும் வேலை

[திரையில்: இரவு, ஓடும் மின்விசிறி, குறட்டைச் சத்தம். சத்தம் திடீரென்று நிற்கிறது.]

குறட்டை நின்றதும் பக்கத்தில் படுத்திருப்பவர் நிம்மதியாகத் திரும்பிப் படுப்பார். பயப்பட வேண்டியதே அந்த இடத்தில்தான். நித்திரையில் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, தொண்டை மூடிவிட்டது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போகவில்லை. 10 செக்கனோ அதற்கு மேலோ இப்படி நின்றால் அது ஸ்லீப் அப்னியா என்ற நித்திரை மூச்சுத்தடை நோயின் ஒரு தடவை. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 தடவை வந்தால் நோய் கடுமை என்று அர்த்தம். காலையில் ஒன்றும் நினைவிருக்காது, தலையிடி மட்டும் இருக்கும். பகலில் கண்ணைச் சொக்கும்.

[திரையில்: மெஷின், குழாய், மாஸ்க்.]

இதற்குத்தான் சீபாப் மெஷின். பலர் நினைப்பதுபோல் இது ஒட்சிசன் கொடுக்கும் மெஷின் இல்லை. அறைக் காற்றைத்தான் அழுத்தத்தோடு தள்ளுகிறது. ஒட்டிப்போன சைக்கிள் ரியூப் காற்றடித்ததும் விரிவதுபோல தொண்டை திறந்து நிற்கும். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் குழுவினர் இந்த முறையை வெளியிட்டார்கள். அதில் இரவு முழுக்க ஒரே அழுத்தம்.

ஆனால் தேவைப்படும் அழுத்தம் ஒரே அளவாக நிற்பதில்லை. மல்லாந்து படுத்தாலும் கனவு வரும் நித்திரையிலும் கூடும், சரிந்து படுத்தால் குறையும். கள்ளுக் குடித்துவிட்டுப் படுத்தால் கேட்கவே வேண்டாம்!

[திரையில்: மூச்சின் வரைகோடு.]

அழுத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைப்பதுதான் ஓட்டோ மெஷின். அதன் கெட்டித்தனம் மூச்சின் இந்தக் கோட்டை வாசிப்பதில்தான். நல்ல மூச்சை இழுக்கும்போது கோட்டின் உச்சி உருண்டையாக வரும். பாதை ஒடுங்கினால் உச்சி தட்டையாகும். தொண்டை முழுதாக மூடுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். உடனே அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மூச்சு சீரானபின் ஆறுதலாக இறங்கும். மெஷினின் எல்லை பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). அதற்குள் உங்களுக்கு எது கீழ், எது மேல் என்று டொக்டர் குறிப்பார். முழு எல்லையையும் திறந்துவிட்டால் சிலருக்கு 4இல் மூச்சு முட்டும்.

மூச்சு முற்றாக நின்றால்? சில மெஷின்கள் மெல்லிய காற்றதிர்வை அனுப்பிப் பார்க்கும். பாதை திறந்திருந்தால் மூளையின் கட்டளைதான் வரவில்லை, அழுத்தத்தை ஏற்றிப் பயனில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த வகை மூச்சு நிற்றல் வரலாம்; அவர்கள் இந்த மெஷினைத் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

[திரையில்: ஈரப்பதத் தொட்டி.]

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைப் படிவு, மெஷின் தள்ளும் காற்றை ஈரமாக்கும் இந்தத் தொட்டியிலும் பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்ட் வோட்டர்) விடுங்கள், மிஞ்சியதைக் காலையில் ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காய விடுங்கள்.

அப்புறம் கரண்ட். போனால் மெஷினும் நிற்கும். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கில் வெளிக்காற்றை விடும் வால்வு இருப்பதால் மூச்சு முட்டாது. ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சரிந்து படுங்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில் அப்னியா திரும்ப வரும்.