பின்கோடு தப்பாக அடித்தால் கர்சரை அங்கேயே நிறுத்துவது எப்படி? வேர்ட் படிவம், மேக்ரோ சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் வேர்டில் விண்ணப்பப் படிவம் செய்வதைப் பார்த்தோம் அல்லவா, அதன் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், பின்கோடு கட்டத்துக்கு எக்ஸிட் மேக்ரோ எழுதினேன். ஆறு இலக்கம் இல்லை என்றால் மெசேஜ் வருகிறது. ஆனால் ஓகே கொடுத்ததும் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. அதே கட்டத்தை செலெக்ட் செய்யச் சொல்லி எழுதியும் பார்த்தேன், நிற்க மாட்டேன் என்கிறது. அப்புறம், மெசேஜைத் தமிழில் எழுதினால் கேள்விக்குறியாக வருகிறது. என்ன செய்ய?"

இதே இடத்தில் நானும் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கோடில் தப்பு இல்லை, நேரம்தான் தப்பு. டேப் கீயை அழுத்தியதும் வேர்ட் முதலில் உங்கள் எக்ஸிட் மேக்ரோவை, அதாவது கட்டத்தை விட்டு வெளியேறும்போது தானாக ஓடும் குட்டி நிரலை, ஓட்டுகிறது, நீங்கள் சொன்னபடி பின்கோடு கட்டத்தையும் செலெக்ட் செய்கிறது, மேக்ரோ முடிந்த பிறகு, பாதியில் விட்ட தன் வேலை ஞாபகம் வந்த மாதிரி, டேப் சொன்ன அடுத்த கட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸிட் மேக்ரோவுக்குள் நீங்கள் எத்தனை தடவை செலெக்ட் எழுதினாலும் கடைசிச் சொல் வேர்டுடையதுதான்.

அதனால் ஆளை வாசலில் மறிக்காதீர்கள், அடுத்த வீட்டு வாசலில் நின்று திருப்பி அனுப்புங்கள். அதாவது, மேக்ரோ எழுதும் பக்கமான மாட்யூலின் தலையில், எல்லா மேக்ரோவும் பார்க்கக்கூடிய ஒரு பப்ளிக் ஸ்ட்ரிங் மாறி வைத்துக்கொள்ளுங்கள், நான் பேக்ஃபீல்ட் என்று பெயர் வைக்கிறேன். எக்ஸிட் மேக்ரோவில் பின்கோடு தப்பு என்றால் மெசேஜைக் காட்டிவிட்டு, பேக்ஃபீல்டில் அந்தக் கட்டத்தின் பெயரை எழுதிவிட்டு வந்துவிடுங்கள், செலெக்டே வேண்டாம். இப்போது கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும், போகட்டும். அந்தக் கட்டத்தின் என்ட்ரி மேக்ரோவில் (கட்டத்துக்குள் நுழையும்போது ஓடுவது), பேக்ஃபீல்ட் காலியாக இல்லையென்றால் அதில் உள்ள பெயரை வேறொரு மாறிக்கு மாற்றிக்கொண்டு, முதலில் பேக்ஃபீல்டைக் காலி செய்துவிட்டு, பிறகு ஆக்டிவ் டாக்குமென்ட் புள்ளி ஃபார்ம் ஃபீல்ட்ஸ், அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர், புள்ளி செலெக்ட். படிவம் நிரப்புகிறவர் கண்ணுக்கு கர்சர் நகரவே இல்லாத மாதிரித்தான் தெரியும்.

இந்த என்ட்ரி மேக்ரோ பின்கோடுக்கு அடுத்த ஒரு கட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது. மவுஸை எடுத்து நாலு வரி தள்ளி இருக்கும் செக் பாக்ஸைக் கிளிக் செய்தால் அங்கே யார் திருப்பி அனுப்புவது? எல்லாக் கட்டத்துக்கும் வேண்டும், டிராப் டவுன், செக் பாக்ஸ் உட்பட. ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்து ஆப்ஷன்ஸ் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். படிவத்தின் எடிட்டிங் பூட்டை, அதாவது பாதுகாப்பை எடுத்துவிட்டு, ஃபார் ஈச் போட்டு ஒரே சுற்றில் எல்லாக் கட்டத்தின் என்ட்ரி மேக்ரோ பண்பிலும் மேக்ரோவின் பெயரை எழுதிவிடலாம். ஒரு கட்டத்தை காப்பி செய்து பேஸ்ட் செய்தால் புதுக் கட்டத்துக்கு புக்மார்க் பெயர் வராது, அந்த இடம் காலியாக இருக்கும், நாம் பெயரை வைத்துத்தானே கூப்பிடுகிறோம், ஆகவே பேஸ்ட் செய்த கையோடு ஆப்ஷன்ஸில் பெயரையும் அடித்துவிடுங்கள். அப்புறம் எக்ஸிட், என்ட்ரி இரண்டுமே ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்கில் ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ் தேர்ந்தெடுத்துப் பாதுகாப்பு போட்ட பிறகுதான் ஓடும். மேக்ரோ ஓடவே இல்லை என்று வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

இனி பின்கோடு சரியா தப்பா என்று பார்க்கிற வரி. கேட்டவர் அனுப்பிய கோடில் இஸ்நியூமெரிக் போட்டு, கூடவே நீளம் 6 என்று பார்க்கிறார். இது பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் ஓட்டை. 6000.4 என்று புள்ளி வைத்து அடித்துப் பாருங்கள், ஆறு எழுத்து, எண்ணும்தான், உள்ளே போய்விடும். -60000 என்று கழித்தல் குறி போட்டாலும் போய்விடும். இஸ்நியூமெரிக் கேட்பது "இதை எண்ணாக மாற்ற முடியுமா" என்பதை. நமக்கு வேண்டியது "ஆறும் இலக்கம்தானா" என்பது. அதற்கு லைக் என்ற ஒப்பீட்டுக் கட்டளை போதும்: சதுர அடைப்புக்குள் 1 முதல் 9 வரை, அதன் பின் ஐந்து ஹேஷ் குறி. ஹேஷ் ஒன்று என்றால் ஒரு இலக்கம். நம் ஊர் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்காது, அதனால்தான் முதல் இலக்கத்துக்கு மட்டும் தனி அடைப்பு.

லைக் வைத்து ஒப்பிடுவதற்கு முன் அடித்ததைக் கொஞ்சம் கழுவிக்கொள்ளுங்கள். வெறும் டெக்ஸ்ட் கட்டத்தில் வேர்ட் காட்டும் சாம்பல் நிற இடம் சாதாரண ஸ்பேஸ் இல்லை, யூனிகோடில் 8194 என்ற எண்ணுள்ள அகலமான ஸ்பேஸ், ஐந்து இருக்கும். ஓரத்து ஸ்பேஸை வெட்டும் டிரிம் அதைத் தொடாது. அதனால் ரீப்ளேஸ் போட்டு 8194-ஐ எடுத்துவிட்டு, பிறகு டிரிம். இன்னொன்று, டேப் அடிக்காமல் என்டர் அடித்தே பழகியவர்கள் நிறையப் பேர். படிவக் கட்டத்தில் என்டர் அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகாது, அங்கேயே ஒரு புதுப் பத்தி விழும். தி.நகர்காரர் 600017 என்று சரியாகத்தான் அடித்திருப்பார், பின்னால் ஒரு என்டர் ஒட்டிக்கொண்டிருக்கும், உங்கள் மேக்ரோ தப்பு என்று சொல்லும், அவர் திரையையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். அதையும் ரீப்ளேஸில் எடுத்துவிடுங்கள்.

தமிழ் மெசேஜ் கேள்விக்குறியாக வருவது உங்கள் கணினியின் கோளாறு இல்லை. மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டர் யூனிகோடு தெரியாத பழைய ஆசாமி, தமிழ் அடித்தால் அங்கேயே கேள்விக்குறி ஆக்கிவிடும். சரி, எழுத்து எண்ணைக் கொடுத்துக் கட்டலாம் என்று போனாலும் மெசேஜ் பாக்ஸ் அதைக் கேள்விக்குறியாகவே காட்டும். நான் செய்வது என்னவென்றால், கட்டத்தின் ஆப்ஷன்ஸில் ஆட் ஹெல்ப் டெக்ஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது பாருங்கள், அதில் எஃப்1 கீக்கான பெட்டியில் மெசேஜைத் தமிழிலேயே அடித்து வைப்பேன், 255 எழுத்து வரை இடம் உண்டு. இது வேர்டின் பெட்டி, தமிழ் தெரியும். மேக்ரோவில் அந்தக் கட்டத்தின் ஹெல்ப்டெக்ஸ்ட் பண்பைப் படித்து, ஒரு சின்ன யூசர்ஃபார்மில் (நாமே வடிவமைக்கும் ஜன்னல்) உள்ள லேபிளின் கேப்ஷனில் கொடுத்துவிட்டு ஷோ. லேபிளுக்குத் தமிழ் தெரியும். எழுத்துரு மட்டும் நிர்மலா யூஐ வைத்துவிடுங்கள். எஃப்1 அழுத்தினாலும் அதே வாசகம் வருவது கூடுதல் லாபம்.

தமிழ் என்று வந்ததால் ஒன்று. பெயர் கட்டத்துக்கு மேக்சிமம் லெங்த் வைக்கும்போது நாம் எழுத்தை எண்ணுகிறோம், வேர்ட் அப்படி எண்ணாது. "கிருஷ்ணமூர்த்தி" நமக்கு எட்டு எழுத்து, அதற்குப் பதினைந்து, ஏனென்றால் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. பன்னிரண்டு என்று வைத்தீர்களானால் கிருஷ்ணமூர்த்தி "கிருஷ்ணமூர்த" என்று நின்றுவிடுவார். தமிழ்ப் பெயருக்கு நான் நீளமே வைப்பதில்லை.

இதெல்லாம் பழைய லெகசி கட்டங்களுக்கு. புதிதாகப் படிவம் செய்கிறீர்கள் என்றால் 2007-இல் வந்த கன்டென்ட் கண்ட்ரோல் என்ற புது வகைக் கட்டம் இருக்கிறது, அதற்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். திஸ் டாக்குமென்ட் மாட்யூலில் கன்டென்ட் கண்ட்ரோல் ஆன் எக்ஸிட் என்ற நிகழ்வை எழுதி, உள்ளே கேன்சல் சமம் ட்ரூ என்று போட்டால் கர்சர் அங்கேயே நின்றுவிடும். அதில் லெகசி கட்டம் போல நீள வரம்பு கிடையாது, அதையும் நீங்களேதான் எழுத வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பின்கோடு ஞாபகம் இல்லாதவர் ஒருவர் வருகிறார், காலியாக விட்டுப் போக நினைக்கிறார், நீங்கள் கேன்சல் போட்டு அவரை அந்தக் கட்டத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறீர்கள், கடைசியில் அவர் 111111 என்று அடித்துவிட்டுப் போவார். உங்கள் லைக் அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். அதனால் லெகசியோ புதுசோ, காலியாக இருந்தால் விட்டுவிடுங்கள், தப்பாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள், காலியானவற்றை சேவ் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம். ஃபைல்சேவ் என்ற பெயரிலேயே ஒரு மேக்ரோ எழுதினால் சேவ் கட்டளைக்குப் பதிலாக வேர்ட் அதைத்தான் ஓட்டும், எதெல்லாம் காலி, எதெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டு, பிறகு சேவ் செய்துவிடுங்கள். கட்டத்தை விட்டு நகராமலே சேவ் கொடுத்து மூடுகிறவர்களுக்கு எக்ஸிட் மேக்ரோ ஓடாது, அவர்களையும் இது பிடிக்கும்.

படிவத்தை மெயிலில் அனுப்பினால் 2022-க்குப் பிறகு இணையத்திலிருந்து வந்த ஃபைலில் மேக்ரோவை ஆபீஸே தடுத்துவிடும், ஃபைலில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அன்பிளாக் என்று ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டியிருக்கும். மொபைலில் இந்த மேக்ரோ ஓடவே ஓடாது. ஆகவே அலுவலகத்துக்குள் நாலு கணினியில் ஓடுகிற படிவத்துக்கு இது சரி, ஊருக்கே அனுப்புகிற படிவத்துக்கு இதை நம்பாதீர்கள்.

மேக்ரோவில் பாதுகாப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்கள் ப்ரொடெக்ட் வரியில் நோ ரீசெட் சமம் ட்ரூ என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் நிரப்பிய கட்டமெல்லாம் வெறுமையாகிவிடும். தெரிந்தவர் ஒருவருக்குச் செய்துகொடுத்த சேர்க்கைப் படிவத்தில் நான் இதை விட்டுவிட்டேன். ஒரு அம்மா இரண்டு பக்கம் பொறுமையாக நிரப்பி முடித்து, கடைசி செக் பாக்ஸை டிக் செய்தார், மொத்தமும் போயிற்று. "தம்பி, இது என்ன சிலேட்டா?" என்று கேட்டார்.