ஒரே திகதியில் நடந்தவை: வன்னிக்கு ஒரு நாட்கொப்பி

நேயர்களுக்கு வணக்கம்.

"வரலாற்றில் இன்று" என்ற பகுதியைக் கேட்காதவர்கள் வன்னியில் இருக்க மாட்டார்கள். வானொலியில் வருகிறது, பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை வாசிக்கிறது, சனசமூக நிலையத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அநேகமானவை எங்கோ யாரோ தொகுத்த பட்டியலைப் பார்த்து எழுதியவை. எங்கள் மண்ணில் நடந்தது ஒன்றும் அதில் இராது. இருப்பவற்றிலும் திகதி பிசகியிருக்கும். இந்த இரண்டு குறையையும் எங்கள் கையாலேயே தீர்க்கலாம். அதற்கான வழியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒக்டோபர் 18 என்ற பக்கத்தை எடுப்போம். ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி அரசனின் பிடியில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் இருந்தவர். ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் தப்பி, அனுராதபுரத்தைக் கடந்து, ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்த ஆறு சிங்களத்தில் மல்வத்து ஓயா, எங்களுக்கு அருவி ஆறு. கோட்டையை அடைந்த நாளை அவரே எழுதி வைத்திருக்கிறார்: 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை பிற்பகல்.

இப்போது நாங்கள் பாவிக்கும் நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 1679 ஒக்டோபர் 18 புதன்கிழமை வருகிறது. சனிக்கிழமை வருவது 28ஆம் திகதி. நொக்ஸ் பிழை விட்டாரா? இல்லை. அக்காலத்தில் இங்கிலாந்து பழைய யூலியன் நாட்காட்டியில் இருந்தது. அது எங்கள் கிரெகோரியன் நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்னால் நின்றது. ஒல்லாந்து மாகாணமோ ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்னரே புதியதற்கு மாறிவிட்டது. ஆகவே அரிப்புக் கோட்டைக்குள் நொக்ஸ் காலடி வைத்த அதே பிற்பகலில், ஒல்லாந்தரின் கணக்கில் அன்று 28ஆம் திகதி. ஒரே வாசலுக்கு இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 28. அத்தனை வருடச் சிறைக்குப் பின்னும் அவர் எழுதிய திகதியும் கிழமையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதைப் பார்த்தால் அந்த மனிதர் மேல் மதிப்பு வருகிறது.

இதே ஒக்டோபர் 18இல்தான் 1867இல் ருசியா அலாஸ்காவை ஐக்கிய அமெரிக்காவிடம் கையளித்தது. அங்கேயும் நாட்காட்டி மாறியது. ஒக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் ஒக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமை! பன்னிரண்டு நாள் பாயவேண்டிய இடத்தில் பதினொன்றுதான் பாய்ந்தது. சர்வதேசத் திகதிக் கோட்டுக்கு ஆசியப் பக்கம் இருந்த இடம் அமெரிக்கப் பக்கம் மாறியதால் ஒரு நாள் திரும்பி வந்தது. பிறகு 1922இல் பிபிசி நிறுவனம் தொடங்கியதும், 1931இல் எடிசன் இறந்ததும் இந்தத் திகதியில்தான். இந்த மூன்றும் ஒக்டோபர் 18இல் நிற்கலாம். நொக்ஸின் இடம் 28. 18இல் "28ஐப் பார்க்க" என்று ஒரு வரி போட்டால் தேடுகிறவர் தடுமாற மாட்டார்.

எப்போது எத்தனை நாள் கூட்டுவது என்று பார்ப்போம். எழுதுகோல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 1582 ஒக்டோபரில் இருந்து 1700 பெப்ரவரி வரை பத்து நாள். அங்கிருந்து 1800 பெப்ரவரி வரை பதினொன்று. 1900 பெப்ரவரி வரை பன்னிரண்டு. அதன் பின் இன்றுவரை பதின்மூன்று. யூலியன் கணக்கில் நான்கால் வகுபடும் ஒவ்வொரு ஆண்டும் நெட்டாண்டு. கிரெகோரியன் கணக்கில் 1700, 1800, 1900 நெட்டாண்டு அல்ல, 1600உம் 2000உம் மட்டும் நெட்டாண்டு. 1700, 1800, 1900 ஒவ்வொன்றிலும் ஒரு நாள் கூடியதற்குக் காரணம் இதுதான்.

கூட்டமுன் அந்த ஊர் எப்போது மாறியது என்று பார்க்கவேண்டும். ஸ்பெயினும் போர்த்துக்கலும் 1582இலேயே மாறின. பிரித்தானியாவும் அதன் ஆட்சிப் பகுதிகளும் 1752 செப்டெம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாளை 14 வியாழக்கிழமை ஆக்கின. ருசியா 1918இல். இதைப் பார்க்காததால்தான் பாடசாலைகளில் ஏப்ரல் 23 புத்தக தினத்தன்று, சேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று வாசிக்கிறார்கள். சேக்ஸ்பியரின் 23 பழைய கணக்கு. எங்கள் கணக்கில் அது 1616 மே 3. செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம் செய்தது 23. திகதி ஒன்றுபோலத் தெரிந்தாலும் இடையில் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது.

நாட்காட்டிக்கு அடுத்தது மணிக்கூடு. செப்டெம்பர் 14இல் நல்ல உதாரணம் உண்டு. 1959இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 2 விண்கலம் சந்திரனில் மோதியபோது மொஸ்கோவில் நள்ளிரவு கடந்து இரண்டு நிமிடம், 14ஆம் திகதி. கிறீன்விச்சில் அது 13ஆம் திகதி இரவு 9.02. எங்கள் ஊரில் 14 அதிகாலை 2.32. மொஸ்கோக் கணக்கை வைத்தாலும் எங்கள் கணக்கை வைத்தாலும் 14, ஆங்கில நூல்கள் பலவற்றில் 13. சம்பவம் நடந்த இடத்து நேரத்தை முதலில் எழுதுவது பொது வழக்கம். சந்திரனுக்கு அந்த வழக்கம் உதவாது. ஆகவே எந்த ஊர் நேரம் என்று பக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள். 2013இல், 1990இல் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்ததும் இந்த செப்டெம்பர் 14இல்தான். அதற்கு எந்தச் சிக்கலும் இல்லை, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சிக்கல் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1996 மே 25இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அந்த ஆண்டு ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இந்தப் பத்து ஆண்டும் புலிகளின் நிர்வாகத்தில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அந்தக் காலத்தில் "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்காமல் ஒரு சந்திப்புக்கும் மணி குறிக்க முடியாது. வவுனியா நகரில் நள்ளிரவு 12.20 என்றால் கிளிநொச்சியில் முதல்நாள் இரவு 11.50. ஒரு குழந்தை பிறந்தாலும் ஒரு உயிர் போனாலும், இரு பக்கத்திலும் எழுதப்படும் திகதி வேறாகும். ஆகவே 1996க்கும் 2006க்கும் இடையில் நள்ளிரவை ஒட்டி நடந்த எதற்கும், தகவல் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று எழுதாமல் விடவேண்டாம்.

சுனாமியும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது கொழும்பு நேரப்படி காலை 6.58. பழைய நேரப்படி 6.28. இந்தோனேசியாவின் மேற்கில் 7.58. மூன்றும் ஒரே கணம். கிழக்குக் கரைக்கு அலை வந்தது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின். முல்லைத்தீவில் ஒருவர் சொல்லும் நேரமும் காத்தான்குடியில் ஒருவர் சொல்லும் நேரமும் அரை மணி வித்தியாசப்பட்டால், அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். அதே பக்கத்தில் 2003ஐயும் எழுதுங்கள்: ஈரானின் பாம் நகரை நிலநடுக்கம் சிதைத்தது சரியாக ஒரு வருடத்துக்கு முன், டிசெம்பர் 26 அதிகாலையில்.

முதியவர்களிடம் கேட்டு எழுதும்போது இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். எங்கள் வழக்கில் நாள் விடிவோடு தொடங்குகிறது. "வெள்ளி இரவு ரெண்டு மணிக்கு" என்று ஒரு ஆச்சி சொன்னால் திகதிப்படி அது சனிக்கிழமை. "வற்றாப்பளைப் பொங்கலுக்கு அடுத்த நாள்" என்றால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துத்தான் திகதி போடவேண்டும், ஏனென்றால் வைகாசிப் பொங்கல் ஆண்டுக்காண்டு நகரும். "மடுத் திருவிழா அன்று" என்றால் வேலை சுகம், ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15இலேயே நிற்கிறது. ஆனால் ஆடித் திருவிழாவா ஆவணித் திருவிழாவா என்று கேளுங்கள், ஆடித் திருவிழா யூலை 2. தமிழ் மாதத் திகதி சொன்னால் வாக்கியமா திருக்கணிதமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் மாதப் பிறப்பு சில வேளை ஒரு நாள் விலகும்.

அடுத்தது, அன்று உண்மையில் என்ன நடந்தது என்பது. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல், இவ்விடத்தில் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்கிறது. திகதி 1803 ஒக்டோபர் 31. தோற்கடித்தான் என்றுதான் கல்லில் இருக்கிறது, கொன்றான் என்று இல்லை. அதை நினைவு நாள் என்றும் வீரமரண நாள் என்றும் எழுதிவிடுகிறார்கள். முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் கைப்பற்றியதாக நினைவுகூரப்படுவது அதே ஆண்டின் ஆகஸ்ட் 25. இரண்டையும் அதனதன் பக்கத்தில் எழுதுங்கள். இறப்பை எந்தப் பக்கத்திலும் ஒட்டவேண்டாம். வெற்றி பெற்றவன் நட்ட கல்லுக்கு, அதில் இல்லாத ஒன்றை நாங்களே சேர்த்துக் கொடுக்கக்கூடாது. அதே 1803 ஒக்டோபர் 31இல் அமெரிக்கப் போர்க்கப்பல் பிலடெல்பியா திரிப்போலிக்கு முன்னால் தரைதட்டிப் பிடிபட்டது. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் ஒக்டோபர் 31. டெல்லிக்கும் எங்களுக்கும் ஒரே நேரம், ஆகவே மாற்ற ஒன்றும் இல்லை.

இனிக் கொப்பி. இருநூறு பக்கச் சி.ஆர். கொப்பி இரண்டு வாங்குங்கள். முதலாவதில் ஜனவரி முதல் ஜூன் வரை 182 பக்கம், பெப்ரவரி 29ஐயும் சேர்த்து. இரண்டாவதில் 184. மிஞ்சும் 34 பக்கமும் திகதி கிடைக்காதவற்றுக்கு. முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் உருவானது, கிளிநொச்சி மாவட்டம் 1984இல். நாள் உறுதியாகும்வரை அவை பின்பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து நிரல்: ஆண்டு, நடந்தது, இடம், எந்த நேரக் கணக்கு, ஆதாரம். முதலில் பென்சிலால் எழுதுங்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் கிடைத்தபின் பேனையால் எழுதுங்கள். ஒரே வசனம் பத்து இடத்தில் இருந்தாலும் அது ஒரு ஆதாரம்தான். பத்திரிகையைப் பார்த்தால் அதன் தலைப்புத் திகதியை எடுக்காதீர்கள், செய்திக்குள் "நேற்று" என்று இருக்கும்.

கிழமை தெரிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, ஒக்டோபர் 10, டிசெம்பர் 12, பெப்ரவரியின் கடைசி நாள் ஆகிய ஆறும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில் வரும். 2004இல் அது ஞாயிறு. டிசெம்பர் 12இல் இருந்து 26 சரியாக இரண்டு வாரம், ஆகவே சுனாமி நாள் ஞாயிறு. ஆண்டு ஒன்று கூடினால் கிழமை ஒன்று நகரும், நெட்டாண்டுக்குள் போனால் இரண்டு. கைத்தொலைபேசி நாட்காட்டியிலும் பார்க்கலாம், ஆனால் 1752க்கு முந்திய திகதிக்கு அதை நம்பவேண்டாம். சில யூலியனுக்கு மாறும், சில மாறாது.

மே 18 பக்கத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இது முள்ளிவாய்க்காலின் நாள். 1974இல் இந்தியா பொக்ரானில் அணுச்சோதனை செய்ததும், 1980இல் அமெரிக்காவின் சென்ற் ஹெலன்ஸ் எரிமலை வெடித்ததும் இதே திகதி. கொப்பியில் எழுதுங்கள், அன்று காலை வாசிக்கவேண்டாம். வாசிப்பதானால் வேறு இரண்டு இருக்கின்றன. 1944 மே 18இல் சோவியத் அரசு கிரிமியாவின் தாத்தார் மக்களை வீடு வீடாக எழுப்பி, ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தத் தொடங்கியது. 1980 மே 18இல் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் மாணவர் எழுச்சியை இராணுவம் அடித்து அடக்கத் தொடங்கியது. அந்த மக்கள் இருவரும் ஆண்டுதோறும் எங்களைப் போலவே இதே நாளில் விளக்கேற்றியும் மலர் வைத்தும் கூடுகிறார்கள். இதை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும்.

காலைக் கூட்டத்தில் மூன்று சம்பவம் போதும். ஊர், நாடு, உலகம் என்ற வரிசையில், ஒன்றரை நிமிடத்துக்குள். ஆண்டை இலக்கமாக ஓட்டாமல் "ஆயிரத்து எண்ணூற்று மூன்று" என்று முழுதாகச் சொல்லுங்கள். எழுதி வைக்க அவகாசம் இல்லாமல் கேட்கிறவருக்கு அப்போதுதான் பதியும்.

ஊர்ச் சம்பவத்துக்கு முதல் ஆதாரம் உங்கள் பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகம். இடப்பெயர்வில் பல போய்விட்டன, தப்பியவையும் கறையானிலும் ஈரத்திலும் இருக்கின்றன. அதிபரின் அனுமதியோடு அதைப் படம் பிடியுங்கள்: முதலில் அட்டை, பிறகு பக்க இலக்கம் தெரியும்படி ஒவ்வொரு பக்கமும், யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல். மை மங்கிய பக்கத்தைச் சரிவாகப் பிடித்து இரண்டாவது படம் எடுங்கள். கோவில் பற்றுச்சீட்டுப் புத்தகமும் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடும் இரண்டாவது ஆதாரமாக நிற்கும். படங்களை ஒரே கைத்தொலைபேசியில் விடாமல், மூன்று பேரிடம் பிரதி கொடுத்து வையுங்கள்.

வணக்கம்.